அட்டை இல்லாத மாத்திரைகள்

எங்கள் குடும்பத்தில் யாரும் நோயாளி என்று பெயர் எடுத்ததில்லை. நோய் வந்ததில்லை என்று சொல்லவில்லை. வந்த நோயை வாசலில் நிறுத்தி வைத்து ஊருக்குக் காட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை என்கிறேன். என் தகப்பனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உயிர் விட்டவர். கடைசியாகப் பார்க்க வந்த டாக்டரிடம், "நீங்க ரொம்ப இளைச்சுட்டீங்களே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். அந்த முதுகெலும்பு எனக்கும் வந்திருக்கிறது.

அதனால் வீட்டில் ஒரு விதி வைத்திருந்தேன். மாத்திரை என்று எது உள்ளே வந்தாலும் உடனே அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துவிட வேண்டும். பார்த்தால் மருந்து என்று தோன்றாத ஒரு பெட்டியில் அதைப் போட வேண்டும். அட்டை, காகித உறை, டாக்டர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் பொடிப்பொடியாகக் கிழித்து, எங்கள் தெருத் தொட்டியில் போடாமல் அடுத்த தெருத் தொட்டியில் போட வேண்டும்.

இது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்களுக்கு என் சம்பந்தியைத் தெரியாது. மருமகளின் தகப்பனார். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு என்ன வியாதி, அதை எப்படி மறைத்தார்கள் என்று கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி சாப்பாட்டு மேசைப் பக்கம் இருந்த குளிர்சாதனப் பெட்டி வரைக்கும் போய், அதன் மேல் கிடந்த ஒரு அட்டையைப் படித்துவிட்டு, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, "இங்க யாருக்கு மூட்டு வலி?" என்று கேட்டார். வலி எனக்கு. கேள்வி குடும்பத்துக்கு. அன்று சாயங்காலமே விதி அமலுக்கு வந்தது.

என் மாத்திரைகள் கைப்பொத்தான் பெட்டியில் இருந்தன. மனைவியுடையவை சட்டைப் பொத்தான் போட்டு வைக்கும் டப்பாவில். மகன் ஒரு பழைய கைக்கடிகாரப் பெட்டி வைத்திருந்தான். மருமகள் தோட்டுப் பெட்டி. எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டிலும் கண்ணாடி மேசையிலும் பார்க்க லட்சணமாக இருக்கும். ஒருவர் பெட்டியை ஒருவர் திறப்பதில்லை. உள்ளே இருப்பது என்னவென்று கேட்பதும் இல்லை. கணவன் மனைவிக்குள்ளும் அப்படித்தான். கதவைச் சாத்திய பிறகு காற்றில் பறந்துவிடுகிற கௌரவம் என்ன கௌரவம்?

என் பெட்டியில் இருந்தது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. படிப்பவருக்கு நடந்தது புரிய வேண்டும் என்பதற்காக இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது இது எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஒரு நாள் காலை சம்பந்தி வருவதாகச் செய்தி வந்தது. வீடு முழுக்கப் பரபரப்பு. மருமகள் சோபா மெத்தைகளைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவள் கையில் பேத்தியின் பொம்மைக் கிண்ணம். மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவே செருகியிருந்ததாம். உள்ளே மாத்திரைகள். பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாகச் சில கேப்ஸ்யூல்கள். கூடவே விளிம்பு உதிர்ந்த ஓர் அரை மாத்திரை, அதன்மேல் பிஸ்கட் தூள்.

நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன். எல்லோரையும் சாப்பாட்டு மேசைக்கு வரச் சொல்லி, கிண்ணத்தை நடுவில் வைத்தேன்.

"இது யாரோடது?"

"என்னோடது இல்லப்பா," என்றான் மகன். கிண்ணத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னோடதா இருந்தா நானே எதுக்கு எடுத்துட்டு வந்து காட்டறேன்?" என்றாள் மருமகள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் கல்லு மாதிரி இருக்கேன்," என்றாள் என் மனைவி. அதிகாலையிலிருந்து வெறும் தேநீரோடு ஓடிக்கொண்டிருந்தவள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அது உண்மையும்கூட. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அன்று காலை என் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இளஞ்சிவப்பு மாத்திரைகள் கிடந்தன. நான் போட்டு வைத்தவை வெள்ளை. எப்படி மாறின என்று கேட்க வேண்டுமானால், என்னிடம் மாத்திரை இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். மகனின் பெட்டி காலியாகக் கிடந்ததும், மருமகளின் தோட்டுப் பெட்டியில் தோடு மட்டுமே மிஞ்சியிருந்ததும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவர்களும் என்னைப் போலவே மூடி வைத்துவிட்டுத்தான் மேசைக்கு வந்திருந்தார்கள். அப்படி ஒரு வளர்ப்பு.

"சரி, யாரோடதா வேணா இருக்கட்டும். எதுக்குத் தூக்கிப் போடணும்? நல்லாத்தானே இருக்கு," என்றாள் மனைவி. "ஒரு மூடி போட்டு வச்சா, யாருக்காவது காய்ச்சல் வந்தா ஆகும்."

"என்ன மாத்திரைன்னே தெரியாது, அது காய்ச்சலுக்கு ஆகுமா அத்தை?"

"வேற எதுக்காவது ஆகட்டுமே."

மகன் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தான். "சிவப்பும் மஞ்சளும்னு போட்டா, பல்வலியில ஆரம்பிச்சு குதிரைக்குப் பூச்சி மருந்து வரைக்கும் வருதுப்பா. பேசாம டாய்லெட்ல போட்டுத் தண்ணியைத் திறந்து விட்டா வேலை முடிஞ்சுது."

"அந்தத் தண்ணி எங்க போகுது? ஆத்துக்குத்தானே?" என்றாள் மருமகள்.

"போகட்டுமே. மீனுக்கு அல்சர் வராம இருக்கும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மருமகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குக் காது கேட்காதது போல நான் கூரையைப் பார்த்தேன்.

"எதுக்கு இவ்வளவு யோசனை? மருந்துக்கடைக்கு ஒரு போன் போட்டா அவங்களே சொல்லப் போறாங்க," என்றாள் மருமகள்.

"அந்தக் கடைக்கார அம்மாவுக்கு நம்ம குரல் தெரியும்."

"தெரிஞ்சா என்ன மாமா?"

"இந்த வீட்ல யாரோ எதையோ முழுங்கறாங்கன்னு தெருவுக்கே தெரியும். உங்கப்பா போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

கிண்ணத்தை எடுத்துப்போய் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். குழந்தை கைக்கு எட்டாத இடம். அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன். ஆனால் பூட்டிய பீரோவுக்குப் பக்கத்திலேயே, திறந்த அலமாரியின் கீழ்த்தட்டில், மற்ற பெட்டிகள் லட்சணமாக உட்கார்ந்திருந்தன.

சம்பந்தி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் மேசை, அலமாரி, சன்னல் விளிம்பு என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எங்கும் ஒரு துண்டு அட்டை இல்லை. ஏமாந்து போனவர் சோபாவில் உட்கார்ந்தார். நான் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடுவில் இனிப்புத் தட்டு.

இந்த இனிப்புத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதன்முதலில் வந்தபோது அவர் ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டு, "இந்த வயசுல பயப்படாம இனிப்பு சாப்பிட முடியுதுன்னா அது குடுப்பினைதான், இல்லையா சம்பந்தி?" என்று என்னையே பார்த்தார். நான் இரண்டாக எடுத்துக்கொண்டேன். அவர் மூன்று. அதிலிருந்து ஒவ்வொரு வருகையின்போதும் தட்டு காலியாகும் வரை இருவரும் ஓய்வதில்லை. அவர் போன பிறகு எனக்கு நாக்கு வறண்டு, தலை கிறுகிறுத்து, அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். இருந்தாலும் ஒரு தடவைகூட நான் முதலில் கையை எடுத்ததில்லை.

"எடுத்துக்குங்க சம்பந்தி, கூச்சப்படாதீங்க," என்றேன்.

"நீங்க எடுங்க. எனக்கு உங்களுக்கு முன்னாடியே ரெண்டு ஆச்சு."

"வயசானா பசி குறையும்பாங்க. உங்களுக்கு எப்படி?"

"எனக்கு என்ன வயசாச்சு?"

இந்த நேரத்தில்தான் என் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தாள். சம்பந்திக்கு எதிரே வந்து நின்றாள். கோப்பையைக் கொடுக்கவில்லை. அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றவள், தெளிவாகக் கேட்டாள்: "நீங்க எப்ப கிளம்பறீங்க?"

சம்பந்தியின் கையிலிருந்த இனிப்பு வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அந்தக் கேள்வி அவள் மனதில் பல வருடமாக இருந்ததுதான். ஆனால் விருந்தாளியைப் பார்த்து அப்படிக் கேட்கிறவள் அல்ல அவள். நான் கண்ணால் அதட்டினேன். அவள் என் பக்கம் திரும்பி, அடையாளம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இது யார் வீடு?" என்றாள்.

தட்டு சாய்ந்தது. கோப்பைகள் உருண்டன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவள்போல முகமெல்லாம் வேர்வை. கைகள் நடுங்கின.

"பித்தம்," என்றார் சம்பந்தி.

"வேலை அதிகம். அவ்வளவுதான்," என்றேன் நான்.

"ஃபேனை வேகமா வையுங்க," என்றான் மகன். வைக்கவும் தெரியாமல் விளக்கைப் போட்டான்.

மருமகள்தான் தரையில் உட்கார்ந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "கை ஐஸ் மாதிரி இருக்கு. அத்தை, இங்க பாருங்க. காலையில ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

என் மனைவிக்கு நாக்கு குழறியது. ஆனாலும் முகத்தை நிமிர்த்திச் சொன்னாள்: "நம்ம வீட்ல... யாரும் மாத்திரை போடறதில்ல."

ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பெருமையாகத்தான் இருந்தது.

இந்தக் களேபரத்தில் பேத்தியை யாரும் கவனிக்கவில்லை. நான்கு வயது. எல்லோரும் 'குட்டி' என்று கூப்பிடுவோம். அவள் கூட்டத்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு உடம்பு சரியில்லையா? என் கடையிலேர்ந்து மருந்து தரட்டுமா?" என்றாள்.

"என்ன கடைடி?" என்றாள் அவள் அம்மா.

"மருந்துக்கடை. நாந்தான் வச்சிருக்கேன். எல்லாம் கலர் கலரா தப்பு தப்பா கிடந்துச்சு. வெள்ளை எல்லாம் பாட்டி டப்பாவுல, ரோஸ் எல்லாம் தாத்தா டப்பாவுல. அழகா அடுக்கி வச்சேன். ரெண்டு கலர் இருந்தது எதுல போடறதுன்னு தெரியல. அதைக் கிண்ணத்துல வச்சேன்."

மருமகள் ஒரு கையால் அவளைப் பக்கத்தில் இழுத்தாள்.

"நீ ஏதாவது தின்னியா?" மருமகளின் குரல் உடைந்தது.

"கடைக்காரங்க தின்பாங்களா?" என்றாள் குட்டி, மிகவும் அவமானப்பட்டவளாக.

மகன் ஓடிப்போய்ப் பெட்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் திறந்து வைத்தான். பொத்தான் டப்பா நிறைய வெள்ளை மாத்திரைகள். ஒரே அளவு, ஒரே வட்டம். எது அவளுடையது, எது என்னுடையது என்று செய்த கம்பெனிக்காரனுக்கே தெரியாது. காலையில் அவள் எடுத்துப் போட்டுக்கொண்டது எது? வெறும் வயிற்றில்?

மருமகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மருந்துக்கடைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பவும் தன் மாமியாரைத் தாங்கிக்கொண்டாள். கடையில் இன்னொரு வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் வந்தது.

"சொல்லுங்க," என்றார் மருந்துக்கடை அம்மா. மருமகள் சொன்னாள்.

"நெனவு இருக்கா? பேசறாங்களா?"

"பேசறாங்க. ஆனா சம்பந்தமில்லாம பேசறாங்க. உடம்பெல்லாம் வேர்த்து நடுங்குது."

"என்ன மாத்திரை? அட்டையைப் பாத்துப் பேரைப் படிங்க."

"அட்டை இல்ல."

"சரி, டப்பாவுல என்ன போட்டிருக்கு?"

"அது பொத்தான் டப்பா மேடம்."

"என்ன டப்பா?"

"பொத்தான். சட்டைப் பொத்தான்."

"மாத்திரை வந்த அட்டை எங்கம்மா?"

"கிழிச்சுப் போட்டுட்டோம்."

"ஏன்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். மகன் என்னைப் பார்த்தான். சம்பந்தி அந்த 'ஏன்' எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துவிட்டு, அவரும் என்னைப் பார்த்தார்.

"சரி விடுங்க," என்றது போன். "வெள்ளை மாத்திரைன்னா நூறு விதம் இருக்கு, போன்ல கேட்டு இன்னதுன்னு என்னால சொல்ல முடியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வீட்ல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

சம்பந்தி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் கேட்டுப் பழகிய கேள்வி. அதை வேறு ஒருவர் கேட்கிறார். பதிலுக்கு அவர் காது விரிந்திருந்தது.

"எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது," என்றேன்.

நான் சொல்லவில்லை, என் வாய் சொல்லிற்று. பல வருடமாக அதற்கு அந்த ஒரு பதில்தான் தெரியும்.

தரையில் என் மனைவியின் தலை துவண்டு மருமகளின் தோளிலிருந்து நழுவியது. மருமகள் ஏந்திப் பிடித்தாள். கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பார்வையில் நான் இல்லை. என் பொய்க்கு ஒத்துப்போக இனி அவளுக்கு நினைவும் இல்லை. அந்தப் பொய்யை நான் தனியாகச் சுமந்துகொண்டு நிற்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

மேசைமேல் குனிந்தேன்.

"எனக்கு இருக்கு."

"யார் பேசறது?"

"அவங்க வீட்டுக்காரர். எனக்குச் சர்க்கரை இருக்கு. என் மாத்திரையும் வெள்ளை." மாத்திரையின் பெயரையும் சொன்னேன். நீதிமன்றத்தில் வழக்கின் பெயரைக் கூப்பிடும் குரலில் சொன்னேன்போலிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது.

மருந்துக்கடை அம்மாவின் குரல் மாறியது. "கேளுங்க. முழுங்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா சர்க்கரையைத் தண்ணில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. முடியலைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. இன்னொருத்தர் இப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. சர்க்கரை குடுத்ததும் தெளிஞ்சு எழுந்து உக்காந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், அந்த மாத்திரை ரத்தத்துல சர்க்கரையைத் திரும்பத் திரும்ப இறக்கும். குழந்தையையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. தின்னலைன்னு சொன்னாலும் காட்டுங்க. டப்பா எல்லாத்தையும் அப்படியே எடுத்துட்டுப் போங்க. எதையும் கொட்டாதீங்க, கழுவாதீங்க."

மகன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். சர்க்கரை எடுக்கச் சமையலறைக்கு ஓடியது சம்பந்தி. அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. எங்கள் வீட்டு டப்பாக்கள் எதிலும் பெயர் எழுதும் வழக்கமும் இல்லை. "எது சம்பந்தி சர்க்கரை? எல்லாம் வெள்ளையா இருக்கே!" என்று உள்ளேயிருந்து கத்தினார். எனக்கும் தெரியாது. ஒன்றை நக்கிப் பார்த்துத் துப்பும் சத்தம் கேட்டது. அடுத்ததை நக்கிவிட்டு, டப்பாவோடு ஓடி வந்தார். மீசையில் உப்பு.

மருமகள் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் என் மனைவியின் தொண்டை அசைகிறதா என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தது. என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்களில் மெல்ல ஒரு பிடிமானம் வந்தது. "ஏங்க, தரையெல்லாம் தேத்தண்ணி," என்றாள். மகன் அழுதுவிட்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. சத்தமில்லாமல் வராதா என்று பார்த்தேன். தெருமுனையிலிருந்தே ஊதிக்கொண்டு வந்தது. மாடிகளில் தலைகள் முளைத்தன. ஊழியர் இறங்கி, எதிர்வீட்டைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "சர்க்கரை மாத்திரையை மாத்தி முழுங்கின கேஸ் எந்த வீடு?"

"இந்த வீடு," என்றேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

மருத்துவமனையில் அவள் கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். குட்டியின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், சற்று நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அவள் செவிலியரிடம் கடை நடத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஓர் இளம்பெண். என்னிடம் வந்தாள்.

"அம்மாவுக்கு வேற என்ன நோய் இருக்கு? அவங்க வழக்கமா சாப்பிடற வெள்ளை மாத்திரை என்ன?"

இந்தத் தடவை நான் மறைக்கவில்லை, மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

எத்தனை வருடமாகக் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திரும்பிப் போய் என் மனைவியையே எழுப்பிக் கேட்டாள். "பிரஷர்," என்று அவள் சொல்வது திரைக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

கீழே மருந்தகத்தில் எங்கள் பெட்டிகளை ஒரு தட்டில் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். கிண்ணத்தையும் பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்தோம். கவுண்டரில் இருந்தவர் கையுறை போட்டுக்கொண்டு, எதிலும் பிடிப்பில்லாத குரலில், "எது யாருதுன்னு சொல்லுங்க. டாக்டர் கேக்கறாங்க," என்றார். பின்னால் வரிசை நின்றது. வரிசைக்குக் காது இருந்தது.

"அந்த ரெண்டு கலர் என்னோடது," என்றான் மகன். "அல்சர்."

"ரோஸ் என்னோடது. தைராய்டு," என்றாள் மருமகள்.

சம்பந்தி அதிர்ந்து போனார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா!"

"சொன்னா பாலிசியை ரத்து பண்ணிடுவீங்கன்னு பயந்தேன்பா."

தட்டில் கடைசியாக மிஞ்சியது அந்த அரை மாத்திரை. கவுண்டர்காரர் காத்திருந்தார். சம்பந்தி ஒரு தடவை இருமினார். மீசையைத் தடவினார். சுவரில் எழுதியிருந்த புகை பிடிக்காதே என்ற அறிவிப்பைப் படித்தார்.

"போன தடவை வந்தப்ப சோபால உக்காந்திருந்தேன்ல," என்று சுவரைப் பார்த்தே சொன்னார். "பாக்கெட்லேர்ந்து விழுந்திருக்கும்."

"என்ன மாத்திரை சம்பந்தி?"

"உங்களுக்கு எதுக்கோ, எனக்கும் அதுக்குத்தான்."

நானும் அந்த அறிவிப்பைப் படித்தேன்.

"அப்ப இத்தனை வருஷமா அந்த இனிப்பு?" என்றேன்.

"நீங்க நிறுத்துவீங்க, நானும் நிறுத்தலாம்னு பாத்தேன். நீங்க நிறுத்தவே இல்லையே!"

வழக்கு இப்படி முடிந்ததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உரியவர்கள் கிடைத்துவிட்டதால் மாத்திரைகளைத் திருப்பித் தருவார்கள் என்று நினைத்து மகன் கையை நீட்டினான். கவுண்டர்காரர் தலையசைத்தார். "கலந்து போன மாத்திரையைத் திருப்பித் தர முடியாது சார். எல்லார் கையும் பட்டிருக்கு, எதுல எது ஒட்டியிருக்குன்னு சொல்ல முடியாது. புதுசா அட்டையோட வாங்கிக்கங்க." கவுண்டருக்குப் பக்கத்தில், வேண்டாத மருந்துகளைப் போடுவதற்கென்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டி இருந்தது. எங்கள் குடும்பத்தின் நோய்கள் எல்லாம் ஒன்றாக அதற்குள் சரசரவென்று விழுந்தன. சம்பந்தியுடைய பாதியும் சேர்ந்து விழுந்தது.

மாலையில் அவளைப் பொது அறையில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். மாத்திரையின் வேகம் அடங்கும் வரை இருந்தாக வேண்டுமாம். அடிக்கடி வந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். சர்க்கரை இப்போது இறங்கவில்லை, நின்றிருக்கிறது என்றார்கள். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி அந்த நோயாளியின் உறவுக் கூட்டம். பேச்சு தீர்ந்துபோய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க," என்றாள் என் மனைவி. "சம்பந்தியை நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"எப்ப கிளம்பறீங்கன்னு கேட்ட."

"ஐயையோ. போயிட்டாரா?"

"எங்க போறது? வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார். உனக்குச் சர்க்கரை கொண்டு வந்து குடுத்ததே நாந்தான்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கார்."

சிரித்தாள். சிரிப்பில் இன்னும் பலம் வரவில்லை. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"உனக்கு பிரஷர் எப்பலேர்ந்து?"

"பையன் கல்யாணம் ஆன அடுத்த வருஷமே வந்துடுச்சு. உங்களுக்கு?"

"அதுக்கும் முன்னாடி."

"என்கிட்ட சொல்லல."

"நீயும்தான் சொல்லல."

"விதி போட்டது யாரு?"

பக்கத்துக் கட்டில் கூட்டத்தில் ஒரு பெண்மணி கழுத்தை நீட்டினாள். நான் இன்னும் கொஞ்சம் குனிந்து, அவள் காதருகே, "இன்னும் வேற ஏதாவது இருக்கா? எல்லாத்தையும் இப்பவே சொல்லிடு," என்றேன்.

"என்ன சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது."

"இது எப்பலேர்ந்து?"

"அதான் கேக்கலைன்னு சொல்றேன்ல."

நான் எழுந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய்ப் போட்டு உட்கார்ந்தேன். அவள் தலையைத் திருப்பி, "முதல்ல நீங்க சொல்லுங்க," என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கேட்கட்டும். முழங்கால் வலியில் ஆரம்பித்தேன்.